துண்டறிக்கையில் இருக்கும் ‘ஆராய்ச்சி’யை எப்படிச் சோதிப்பது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது 71. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் பகுதி மூத்த குடிமக்கள் சங்கத்தின் செயலாளர். கடந்த ஐப்பசியில் என் மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். கார்த்திகையில் வாசற்படியில் இன்னொரு முறை. எலும்பு முறியவில்லை. அதிலிருந்து சங்கத்தில் இதே பேச்சு. இடுப்பில் கட்டும் பெல்ட் ஒன்றை விற்க வந்தவர், ‘விழுவது பாதியாகக் குறையும் என ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது’ என்று அச்சிட்ட துண்டறிக்கை கொடுத்தார். அதற்கு மேல் விவரம் எதுவும் அதில் இல்லை. வருடத்துக்கு ஒரு முறை பெரிய அளவில் வைட்டமின் டி போட்டுக்கொண்டால் போதும் என்கிறார் ஓர் உறுப்பினர். வெளிநாட்டில் இருக்கும் என் மருமகன், உடற்பயிற்சியால் 23 சதவீதம் குறையும் என்று ஓர் ஆய்வை அனுப்பியிருக்கிறார். சில்வர் பீச்சில் காலை நடை தொடங்கலாம் என்ற யோசனையும் இருக்கிறது. சங்க நிதியை எதில் செலவிடுவது? எந்த ஆராய்ச்சியை நம்புவது என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் (புதுச்சேரியில் பணிபுரியும் இயன்முறை மருத்துவர்):

அன்புள்ள ஐயா,

பெல்ட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் வீட்டில் இருக்கும் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. ‘எலும்பு முறியவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். இரண்டே மாதத்தில் இரண்டு முறை விழுந்திருக்கிறார். ஒரு முறை விழுந்தவர் மறுபடியும் விழும் வாய்ப்பு அதிகம் என்பதில் இந்தத் துறையில் கருத்து வேறுபாடே கிடையாது. சங்கம் கூடி முடிவெடுக்கும்வரை அவர் காத்திருக்கக் கூடாது. அவருக்குச் செய்ய வேண்டியதைக் கடைசிப் பகுதியில் எழுதியிருக்கிறேன். நேரமில்லை என்றால் அதை முதலில் படித்துவிடுங்கள்.

இனி அந்தத் துண்டறிக்கை. எத்தனை பேரிடம் பார்த்தார்கள், எவ்வளவு காலம் பார்த்தார்கள், யாரோடு ஒப்பிட்டார்கள் என்று எதுவும் இல்லையென்றால், ஆராய்ச்சி என்ற சொல்லைத் தவிர அதில் ஆராய்ச்சி எதுவும் இல்லை. ஆனாலும் அடுத்த முறை வேறொருவர் விவரத்தோடு வருவார். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்திருப்பது நல்லது.

நான் முதலில் கேட்பது இதுதான்: விழுந்ததை எப்படி எண்ணினீர்கள்? இதில் என்ன சிரமம் என்று தோன்றும். என்னிடம் வரும் பாட்டிகளிடம் ‘ஆறு மாதத்தில் எப்போதாவது விழுந்தீர்களா?’ என்று கேட்டால் ‘இல்லையே’ என்பார்கள். கூட வந்த மகள், ‘அன்றைக்குத் தோட்டத்துப் பக்கம்?’ என்று எடுத்துக்கொடுப்பாள். ‘அது விழவில்லையம்மா, கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன்’ என்று பதில் வரும். முழங்கையில் சிராய்த்து ஆறிய தழும்பு அப்போதுதான் என் கண்ணில் படும். விழுந்தேன் என்று ஒப்புக்கொண்டால் மாடிக்குப் போகாதே, கோயிலுக்குத் தனியாகப் போகாதே என்று வீட்டில் ஆளாளுக்குத் தடை போடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. இப்படி மறைப்பவர்கள் ஒருபுறம் இருக்க, உண்மையிலேயே மறந்துபோகிறவர்களும் உண்டு. 1988இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், விழுந்தது உறுதியாகத் தெரிந்த முதியவர்களிடமே பின்னர் கேட்டுப் பார்த்தார்கள். எத்தனை மாதத்துக்கு முந்தியதைக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து 13 முதல் 32 சதவீதம் பேருக்கு விழுந்த நினைவே இல்லை.

இதனால்தான் 2005இல் ஐரோப்பிய ஆய்வாளர் குழு ஒன்று பொதுவான வரையறை ஒன்றை வகுத்தது. எதிர்பாராத விதமாகத் தரைக்கோ தாழ்வான இடத்துக்கோ வந்து சேர்வதெல்லாம் விழுதல்தான். நம் பாட்டி ‘உட்கார்ந்துவிட்டதும்’ கணக்கில் வரும். நல்ல ஆய்வுகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு காலண்டர் கொடுத்து அன்றாடம் குறிக்கச் சொல்வார்கள், மாதந்தோறும் அதை வாங்கிப் பார்ப்பார்கள், வராதவர்களைத் தொலைபேசியில் விசாரிப்பார்கள். நம் வீடுகளில் மாதக் காலண்டரில் பால் கணக்கு எழுதுகிறோமே, அதே முறை. ஆண்டு முடிந்த பிறகு மொத்தமாக ‘எத்தனை முறை விழுந்தீர்கள்?’ என்று கேட்டு எழுதிய ஆய்வாக இருந்தால் அந்த எண்ணை நான் அரை மனதோடுதான் படிப்பேன்.

இரண்டாவதாக, யாரோடு ஒப்பிட்டார்கள்? அம்மா விழுந்தது ஐப்பசியிலும் கார்த்திகையிலும். மார்கழியில் அந்த பெல்ட்டை வாங்கிக் கட்டியிருந்தால் தை, மாசி, பங்குனியில் அவர் விழாமலே இருந்திருக்கலாம். ‘கட்டிய பிறகு ஒரு முறைகூட விழவில்லை’ என்று நீங்களே மனமார எழுதிக் கொடுத்திருப்பீர்கள். நடந்தது என்னவோ, மழை ஓய்ந்து கிணற்றடிப் பாசி காய்ந்ததுதான். மழையை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இந்தக் கோளாறு இருக்கிறது. ஒருவர் வைத்தியம் தேடி வருவதே மோசமான ஒரு காலத்துக்குப் பிறகுதான். அதையடுத்து வருவது பெரும்பாலும் கொஞ்சம் நல்ல காலமாகவே இருக்கும், எதையும் கட்டிக்கொள்ளாமல் இருந்தாலும். அதனால் ‘முன்பு, பின்பு’ என்று மட்டும் காட்டும் எந்தக் கணக்கும் எனக்குப் போதாது.

பயன்படுத்தியவர்களையும் பயன்படுத்தாதவர்களையும் ஒப்பிட்டால்? அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. உங்கள் சங்கத்தில் காலை ஆறு மணிப் பயிற்சிக்கு யார் வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஏற்கெனவே திடமாக நடப்பவர்கள்தான். முட்டி வலியும் தலைசுற்றலும் உள்ளவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். ஆண்டு முடிவில் வந்தவர்கள் குறைவாக விழுந்திருந்தால் அந்தப் பெருமை பயிற்சிக்கா, அவர்கள் கால் வலுவுக்கா? இதைத் தவிர்க்க ஒரே வழி சீட்டுக் குலுக்கல். யாருக்குப் பயிற்சி, யாருக்கு வழக்கமான கவனிப்பு என்பதை ஆய்வாளரும் முடிவு செய்யாமல், முதியவரும் முடிவு செய்யாமல் குலுக்கல் முடிவு செய்ய வேண்டும். ‘குலுக்கல் முறையில் பிரித்தார்களா?’ என்ற ஒரு கேள்வியே பாதித் துண்டறிக்கைகளைத் திருப்பி அனுப்பிவிடும்.

பாதியில் விட்டுப்போனவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் கேளுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஆடும் பலகை மேல் நிற்க வைத்து ஒரு சமநிலைப் பயிற்சி நடத்தினேன். எட்டு வாரம் முடிந்தபோது வந்தவர்கள் எல்லாரும் நன்றாக நின்றார்கள். எனக்கு ஒரே பூரிப்பு. மூத்த மருத்துவர் ஒருவர், ‘தொடங்கியவர்கள் எல்லாரும் இங்கே இருக்கிறார்களா?’ என்று மட்டும் கேட்டார். மூன்றில் ஒரு பங்கு பேர் வருவதை நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொருவராகப் போன் செய்தேன். ஒரு பாட்டி பஸ் படியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டு வீட்டில் இருந்தார். என் கணக்கில் அவர் வராதவர், விழுந்தவர் அல்ல. தொடங்கிய அத்தனை பேரையும் கடைசிவரை கணக்கில் வைத்திருக்கிறார்களா என்று அன்றிலிருந்து எந்த ஆய்விலும் தவறாமல் தேடுகிறேன். ‘சமநிலை மேம்பட்டது’ என்ற முடிவோடு நின்றுவிடும் ஆய்வுகளையும் அப்படித்தான் பார்க்கிறேன். அறைக்குள் ஒற்றைக் காலில் கூடுதலாகச் சில நொடி நிற்பது நல்லதுதான். வீட்டில் விழுவது குறைந்ததா என்பது வேறு கேள்வி.

உங்கள் மருமகன் அனுப்பியது இந்தச் சோதனைகளில் பெரிதும் தேறுகிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 2019இல் வெளியிட்ட தொகுப்பு அது. 25 நாடுகளில் குலுக்கல் முறையில் நடந்த 108 ஆய்வுகள், 23,407 முதியவர்கள், சராசரி வயது 76. அந்த 23 சதவீதத்தைச் சங்கக் கூட்டத்தில் சொல்வதென்றால் இப்படிச் சொல்லுங்கள்: ஆயிரம் முதியவர்கள் ஓராண்டில் மொத்தம் 850 முறை விழுவார்கள் என்று வைத்துக்கொண்டால், பயிற்சி செய்தால் அதில் சுமார் 195 குறையும். ஒரு முறையாவது விழுந்த ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் குறைவு 15 சதவீதம்தான். இரண்டும் உண்மை. ஒன்று விழுந்த தடவைகளை எண்ணுகிறது, மற்றது விழுந்த ஆட்களை எண்ணுகிறது. விற்பவர்கள் எப்போதும் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்வார்கள், கவனியுங்கள்.

அதே தொகுப்பில் இன்னொரு செய்தி இருக்கிறது. எல்லா உடற்பயிற்சியும் ஒன்றல்ல. பலன் தந்தவை சமநிலையைச் சோதிக்கும் பயிற்சிகளும், உட்கார்ந்து எழுவது போன்ற அன்றாட அசைவுகளும், அவற்றோடு கால் வலுவைக் கூட்டும் பயிற்சிகளும். வெறும் நடை விழுவதைக் குறைக்கும் என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. 1997இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், அதற்கு முன் கை எலும்பு முறிந்திருந்த 165 பெண்களைப் பிரித்து ஒரு பகுதியினரை வேகநடை நடக்கச் சொன்னார்கள். அவர்களில்தான் விழுவது அதிகமானது. சில்வர் பீச் நடையை நிறுத்தச் சொல்லவில்லை. காற்றும் பேச்சுத்துணையும் இதயத்துக்கும் மனத்துக்கும் நல்லவை. நடக்கத் தடுமாறாதவர்கள் தாராளமாகப் போகட்டும். ஆனால் ‘விழாமல் இருப்பதற்காக’ என்று சொல்லி அம்மாவை மணலில் நடக்க வைக்காதீர்கள்.

வைட்டமின் டி விஷயத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் தீங்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்கு மேற்பட்ட 2,256 பெண்களைக் குலுக்கலில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆண்டுக்கு ஒரு முறை 5,00,000 யூனிட் வைட்டமின் டி, மற்றப் பிரிவுக்கு அதே போலத் தோற்றமளிக்கும் வெறும் மாத்திரை. எது யாருக்கு என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. 2010இல் முடிவு வந்தது. வைட்டமின் பெற்றவர்கள் 15 சதவீதம் அதிகமாக விழுந்தார்கள், எலும்பு முறிவு 26 சதவீதம் அதிகம். உங்கள் உறுப்பினர் சொல்லும் ‘வருடத்துக்கு ஒரு முறை’ ஏறக்குறைய இதேதான். நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார், ஆனால் இது வேண்டாம் என்று அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்து மருத்துவர் எழுதிக்கொடுக்கும் அளவு வேறு விஷயம். அதை யாரும் நிறுத்த வேண்டாம்.

கேட்கும்போது நியாயமாகத் தோன்றுவது எல்லாம் வேலை செய்துவிடாது என்பதற்கு என் மனத்தில் எப்போதும் நிற்பது கண்ணாடி ஆய்வு. அதுவும் ஆஸ்திரேலியாதான், 2007. 70 வயதுக்கு மேற்பட்ட 616 பேரில் ஒரு பிரிவினருக்குக் கண்ணைச் சோதித்துத் தேவைப்பட்டவர்களுக்குப் புதுக் கண்ணாடியும் மற்றச் சிகிச்சைகளும் ஏற்பாடு செய்தார்கள். நன்றாகப் பார்த்தால் குறைவாக விழுவார்கள் என்றுதானே நினைப்போம்? அந்தப் பிரிவில் 65 சதவீதம் பேர் விழுந்தார்கள், மற்றதில் 50 சதவீதம். கண்ணாடியின் எண் திடீரென்று மாறினால் படியின் ஆழம் பிடிபடாமல் போகிறது என்பது ஒரு விளக்கம். ஆனால் பிரிட்டனில் 70 வயதைத் தாண்டிய 306 பெண்களிடம் நடந்த ஆய்வில், முதல் கண்ணுக்குக் கண்புரை அறுவை சிகிச்சையைத் தாமதிக்காமல் செய்தவர்கள் 34 சதவீதம் குறைவாக விழுந்தார்கள். இரண்டும் கண் சம்பந்தப்பட்டவைதான், பலன் எதிரெதிர். யூகித்திருந்தால் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டிருப்போம்.

சின்ன ஆய்வின் வெற்றி பெரிய ஆய்வில் நிற்குமா என்பதையும் பார்க்க வேண்டும். 1994இல் மேரி டினெட்டி என்ற அமெரிக்க மருத்துவரின் குழு 301 முதியவர்களிடம் மருந்து, நடை, வீட்டு அமைப்பு என்று எல்லாவற்றையும் ஒன்றாகச் சரிசெய்து பார்த்தது. ஓராண்டில் ஒப்பீட்டுப் பிரிவில் 47 சதவீதம் பேர் விழுந்தார்கள், இந்தப் பிரிவில் 35. எங்கள் துறைக்கே நம்பிக்கை கொடுத்த ஆய்வு. அதே எண்ணத்தை 86 மருத்துவ மையங்களில் 5,451 பேரிடம் விரித்து நடத்திய ஆய்வின் முடிவு 2020இல் வந்தது. நூறு பேரை ஓராண்டு கவனித்தால் விழுந்து கடுமையாக அடிபட்டவர்கள் இந்தக் கவனிப்பைப் பெற்ற பிரிவில் 4.9, மற்றதில் 5.3. தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் அது. முதல் ஆய்வு விழுந்தவர்களை எண்ணியது, இரண்டாவது கடும் காயத்தை எண்ணியது என்ற வேறுபாடு உண்டு. ஆனால் ஓர் ஆய்வுக் குழு ஊன்றிச் செய்வது வேறு, நாடெங்கும் சிதறிய மையங்களில் செவிலியர் சொல்லி, முதியவர் வீட்டுக்குப் போய் அதைக் கடைப்பிடிப்பது வேறு என்றும் நான் இதை வாசிக்கிறேன். எதிர்பார்த்த பலன் வராததை மறைக்காமல் வெளியிட்டதற்காக அந்த ஆய்வாளர்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

நம் நாட்டு ஆய்வு என்று யாராவது காட்டினால் இன்னொரு சோதனையும் செய்யலாம். 2007 முதல் இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளுக்கான பொதுப் பதிவேடு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்துகிறது, இணையத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். எதை அளக்கப் போகிறோம் என்று தொடங்கும்போது எழுதியதும், முடிவில் பெருமையாகக் காட்டுவதும் ஒன்றுதானா என்று பாருங்கள். பணம் கொடுத்தவர் யார் என்பதும் அங்கேயே இருக்கும்.

ஒரு தயக்கம் எனக்கும் உண்டு. மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில், நாற்காலியில் உட்காரும் மக்களிடம் நடந்தவை. நம் அம்மாக்கள் தரையில் உட்கார்ந்து காய் நறுக்குகிறார்கள், விடியற்காலையில் குனிந்து கோலம் போடுகிறார்கள், ஈரப் புடவைக் கரையோடு குளியலறை வாசலைத் தாண்டுகிறார்கள். அங்கே கிடைத்த சதவீதம் இங்கே அப்படியே கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் கால் வலுவும் சமநிலையும் உடம்பைப் பொறுத்தவை, ஊருக்கு ஊர் மாறுபவை அல்ல. அதனால் பயிற்சியை நான் நம்பிச் சொல்கிறேன்.

நிதி விஷயத்தில் என் யோசனை: பெல்ட்டுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். பயிற்சி தெரிந்த ஒருவரை வாரம் மூன்று நாள் சங்கக் கட்டடத்துக்கு வரச் சொல்லுங்கள். வீட்டில் செய்வதையும் சேர்த்து வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும் பயிற்சிகளில்தான் பலன் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. மீதியை எல்லாருக்கும் சமமாகப் பிரிக்காதீர்கள். வீட்டிலுள்ள ஆபத்துகளைச் சரிசெய்வது பற்றி 2023இல் வந்த காக்ரேன் தொகுப்பில், ஏற்கெனவே விழுந்தவர்கள் போல ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் விழுவது 38 சதவீதம் குறைந்தது. ஆபத்து அதிகமில்லாதவர்கள் வீட்டில் பலன் தென்படவில்லை. எனவே கைப்பிடிக்கான பணம் விழுந்தவர்கள் வீட்டுக்கே போகட்டும்.

இப்போது அம்மா. கைப்பிடி எங்கே வைப்பது என்று கொத்தனாரிடம் கேட்க வேண்டாம், சுவரிடம் கேளுங்கள். நான் வீடுகளுக்குப் போகும்போது குளியலறைக் கதவை ஒட்டிய சுவரைத்தான் முதலில் பார்ப்பேன். தோளுக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் கறுத்துப் பளபளவென்று இருக்கும். அந்த வீட்டு முதியவர் நாள்தோறும் ஊன்றிப் போகும் இடம் அது. அங்கே கைப்பிடி வந்தால் கை தானாகப் போய்ப் பிடிக்கும். கிணற்றடியை வாரம் ஒரு முறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். வாசற்படியின் விளிம்பில் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு போடுங்கள்.

கண்ணில் புரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தவளக்குப்பத்தில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனை நீங்கள் புதுவை வரும் வழியிலேயே இருக்கிறது. ‘மழைக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ள வேண்டாம். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், மருந்துக் கடையில் தானாக வாங்கியதையும் சேர்த்து, ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தூக்க மாத்திரை இருந்தால் அதைத் தனியாகக் காட்டுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். படுத்திருந்து எழுந்ததும் இரத்த அழுத்தம் இறங்குகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான், கேட்டால் செய்வார்கள்.

பயிற்சியை இன்றே வீட்டில் தொடங்கலாம். கை வைத்த நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காரட்டும். முடிந்த அளவு, மூச்சு வாங்கும் முன் நிறுத்தலாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது அடுத்தது. பிறகு அதே மேடையோரமாக, ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் நடப்பது. எளிதாகிவிட்டால் பலன் நின்றுவிடும், அதனால் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும், முதலில் இரண்டு கை, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல். பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள், பிடித்துக்கொள்ளாமல், பிடிக்கும் தூரத்தில். மயக்கமோ நெஞ்சு வலியோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பால் கணக்கு எழுதும் அதே காலண்டரில் வேறு நிற மையால் ஒரு கணக்கு தொடங்குங்கள். விழுந்தாலும் குறிக்க வேண்டும், ‘உட்கார்ந்துவிட்டாலும்’ குறிக்க வேண்டும். குறித்ததற்காக அம்மாவை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது என்று பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள், இல்லையென்றால் பக்கம் காலியாகவே இருக்கும். மூன்று மாதத்தில் ஒரு கோடும் இல்லையென்று நிறுத்திவிடாதீர்கள். அடுத்த ஐப்பசி வந்து, மழை பெய்து, கார்த்திகை முடியும்வரை குறித்துவிட்டுப் பிறகு எனக்கு எழுதுங்கள்.